விடியற்காலைச் சூறையும் வெட்டுக்காடும்

(பினாங்கு, ஜோர்ஜ் டவுனில், ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் கூட்டமொன்றில் தகவல் இலாகா அதிகாரி ஆற்றிய உரையின் வாசகம்)



"நமது நாட்டில் புயல் இல்லை, எரிமலை இல்லை, எனவே அச்சமும் இல்லை" என்று நம்மவர் பெருமையுடன் கூறுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். இந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைப் பற்றித்தான் இன்று உங்களுடன் பேச வந்திருக்கிறேன். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். ஆதலால் கேள்வியுடன் பாடத்தைத் தொடங்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. பினாங்கு மாநிலத்தில் ஒரே இரவில் பெய்த மழையும் வீசிய காற்றும் எத்தனை உயிர்களைக் கொண்டுபோக முடியும்? 2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இக்கேள்விக்கு விடை கிடைத்தது. ஏழு உயிர்கள்.

அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 18-ஆம் தேதி வந்தது. பண்டிகை முடிந்து இரண்டரை வாரம் ஆகியிருந்த வேளையில், நவம்பர் 4-ஆம் தேதி சனிக்கிழமை பிற்பகலில் தொடங்கிய மழை, இரவு முழுவதும் விடாமல் கொட்டியது. ஐப்பசியில் அடைமழை பெய்வது வழக்கந்தானே என்று பலரும் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கச் சென்றனர். ஆனால், அன்றைய மழை வழக்கமான மழையன்று. தாய்லாந்து வளைகுடா வழியாக வடதீபகற்பத்தை நோக்கி நகர்ந்து வந்த ஒரு தாழ்வழுத்த மண்டலம் நம் தலைக்கு மேலே வந்து நின்றது. சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்தது. ஒரு மாதம் முழுவதும் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்துவிட்டது என்று சொன்னால் அதன் அளவு உங்களுக்கு விளங்கும். மழையுடன் பலத்த காற்றும் சேர்ந்துகொண்டது. நூற்றாண்டு கண்ட சாலையோர மரங்கள் வேரோடு சாய்ந்து வழிகளை அடைத்தன. போதாக்குறைக்கு அது கடல் ஏற்றமுள்ள வேளை. சுங்கை பினாங்கு ஆற்றின் நீர் கடலில் சென்று வடிய வேண்டும். கடலோ உயர்ந்து நின்றது. வடிய வழியில்லாத நீர் வீடுகளுக்குள் புகுந்தது. தீவில் மட்டுமன்றி, செபராங் பிறையிலும், அண்டையிலுள்ள கெடா மாநிலத்திலும் வெள்ளம் பரவியது. மாநில முதலமைச்சர் அதிகாலை மூன்று மணியளவில் இராணுவத்தின் உதவியைக் கோர வேண்டிய நிலை ஏற்பட்டது. ஆயிரக்கணக்கானோர் நிவாரண மையங்களில் அடைக்கலம் புகுந்தனர்.

அதே நாளில்தான் டாம்ரே என்னும் பெரும்புயல் வியட்நாமைத் தாக்கி நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. நம்மை வருத்தியது அந்தப் புயலன்று. புயலென்று பெயர்சூட்டும் அளவுக்குக்கூட வளராத ஒரு தாழ்வழுத்தம். பெயரில்லாத ஒன்று இவ்வளவு செய்யுமானால், பெயருள்ள புயலுக்கு மட்டுமே அஞ்சினால் போதும் என்னும் எண்ணம் பொருந்தாது.

புயல் ஏன் நம்மிடம் வருவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கடல்நீர் வெதுவெதுப்பாக இருந்தால் மட்டும் புயல் உண்டாவதில்லை. அதற்குச் சுழற்சி வேண்டும். அந்தச் சுழற்சியைத் தருவது பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் இயக்கம். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்தச் சுழற்றும் விசை குறைந்து, நடுக்கோட்டில் இல்லாமலே போய்விடுகிறது. பினாங்கு சுமார் ஐந்தரைப் பாகையில் இருப்பதால் நாம் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறோம். தமிழகத்துக் கடற்கரை எட்டுப் பாகைக்கு வடக்கே இருக்கிறது. அதனால்தான் அங்கே அந்தக் கவலை. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைத் தாக்கிய புயல், பயணிகளுடன் ஒரு புகைவண்டியையே கடலுக்குள் கொண்டுபோய்விட்டது. ஊர் அழிந்தது, இன்றும் அங்கே இடிந்த சுவர்களே நிற்கின்றன. 'ரஜூலா'விலும் 'சிதம்பரம்' கப்பலிலும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே பயணம் செய்த நம் பெரியவர்களுக்கு வங்கக் கடலின் சினம் எத்தகையது என்பது நன்கு தெரிந்திருந்தது.

எனினும், 'பெரும்பாலும்' என்று நான் சொன்னதைக் கவனிக்க வேண்டும். 1996 டிசம்பர் 26-ஆம் தேதி கிரேக் என்னும் வெப்பமண்டலப் புயல் சபாவில் கெனிங்காவ் வட்டாரத்தைத் தாக்கி இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2001 டிசம்பர் 27-ஆம் தேதி, நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைப் பாகைத் தொலைவிலேயே வாமெய் என்னும் புயல் உருவாகி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. அவ்வளவு அருகில் புயல் உருவாக முடியாது என்று பாடநூல்கள் கூறிவந்தன. நானும் வகுப்பில் அவ்வாறு படித்தவன்தான். 2025 நவம்பரில் நம் கண்ணெதிரே இருக்கும் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் என்னும் புயல் பிறந்து, சுமத்திராவின் மீது ஏறியது. அங்கே வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் பல நூறு பேர் மாண்டனர். அதன் எச்சம் பின்னர் நமது தீபகற்பத்தையும் கடந்து சென்றது.

இவையெல்லாம் அரிதாக வருபவை. ஆண்டுதோறும் வருவது ஒன்று இருக்கிறது. அதன் வழியில்தான் உங்கள் வெட்டுக்காடு அமைந்திருக்கிறது. உங்கள் வேலை நேரத்தில்தான் அது வருகிறது. கடலோர மீனவர்கள் அதனைச் 'சுமத்திரா' என்றே அழைப்பார்கள்.

இரவு நேரத்தில் சுமத்திராவின் மலைகளிலிருந்து குளிர்ந்த காற்று நீரிணையை நோக்கி இறங்குகிறது. நம் கரையிலிருந்தும் நிலக்காற்று கடலை நோக்கி வீசுகிறது. இரண்டும் வெதுவெதுப்பான நீரின் மேல் சந்திக்கும்போது மேகங்கள் மலைபோல எழும்பி, ஒரு நீண்ட வரிசையாக அணிவகுக்கின்றன. தென்மேற்குக் காற்று அந்த வரிசையை நம் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. கரையை அடையும் வேளை, விடியலுக்குச் சற்று முன்னும் பின்னுமாக இருக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையில் இது எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, பத்து மணிக்கு வெயில்கூட அடிக்கும். ஆனால், முதலில் வந்து மோதுகின்ற அந்தப் பத்து நிமிடக் காற்றுத்தான் மரங்களை முறிப்பது.

"அப்படியானால் வெட்டு நேரத்தை மாற்றினால் என்ன?" என்று தோட்டம் அறியாத நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். உங்களுக்கு அதற்கு விடை சொல்லித் தர வேண்டியதில்லை. இரவில் மரம் நீரை நிறைய இழுத்து வைத்திருப்பதால், பால் ஓடும் குழாய்களில் விடியற்காலையில் அழுத்தம் மிகுந்திருக்கிறது. வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் வெளியேறி அழுத்தம் குறைகிறது, பாலும் குறைகிறது. ஆகவே, பெரட்டு முடிந்து இருட்டோடு இருட்டாக நெற்றியில் விளக்குடன் நிரையில் நிற்க வேண்டியவராக இருக்கிறீர்கள். மரம் வைத்த நேரமும் காற்று வைத்த நேரமும் ஒன்றாகிவிட்டன.

சுமத்திரா வருவதற்கு முன் அறிகுறிகள் உண்டு. மேற்கே கடற்பக்கமாக, அடிவானத்தில் இருண்ட மேகம் ஒரு வளைந்த விளிம்போடு, கூரை இறவாணம் போல நீண்டு தெரியும். இருட்டில் அது தெரியாவிட்டாலும், அந்தத் திசையில் மின்னல் அடுத்தடுத்து ஒளிர்வது தெரியும். அதுவரையில் அசையாதிருந்த இலைகள் அசையாமலே இருக்கும், புழுக்கம் கூடும். பின்னர்த் திடீரெனக் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். அந்தக் குளிர்காற்றுத்தான் கடைசி எச்சரிக்கை. அதற்குப் பிறகு உங்களுக்குக் கிடைப்பவை சில நிமிடங்களே. மங்குகளில் இருக்கும் பாலை எடுத்துவிட்டுப் போகலாம் என்று எண்ணினால், அந்த நிமிடங்கள் கைநழுவிவிடும்.

ரப்பர் மரம் காற்றுக்குத் தளர்ந்த மரம். விரைவில் வளர்வது, தலை கனப்பது, தண்டு மென்மையானது. எல்லா இனங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. ஒரு காலத்தில் பால் மிகுதிக்காக விரும்பி நடப்பட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 501, ஆர்.ஆர்.ஐ.எம். 623 ஆகிய இனங்கள் காற்றில் எளிதில் முறிபவை என்று பெயரெடுத்தவை. கவட்டையாகப் பிரிந்து வளர்ந்த மரம், ஒரு பக்கமாகவே கிளைவிட்ட மரம், வெண்மையான வேர் நோய் பிடித்த மரம், நிரை ஓரத்தில் திறந்த வெளியைப் பார்த்து நிற்கும் மரம் ஆகியவை முதலில் சாயும். உங்கள் நிரையில் அத்தகைய மரங்கள் எவையெவை என்பது கிராணியைக் காட்டிலும் உங்களுக்கே நன்கு தெரியும். அவற்றுக்கு அடையாளமிட்டு மண்டோரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது.

காற்று ஓய்ந்தபின் உள்ள ஆபத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. முறிந்த கிளை எல்லாம் கீழே விழுந்துவிடுவதில்லை. பாதி முறிந்து, பக்கத்து மரத்தின் கவட்டையில் சிக்கிக்கொண்டு தொங்கும். மறுநாளோ, மூன்றாம் நாளோ, காற்றே இல்லாதபோது அது இறங்கும். கீழே குனிந்து பட்டையைச் சீவிக்கொண்டிருப்பவர் மேலே பார்ப்பதில்லை. ஆகவே, காற்றடித்த மறுநாள் காலையில் உளியை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு நிரையையும் வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்துவர ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். இருட்டில் இதனைச் செய்ய இயலாது. அன்று ஒரு நாள் வெட்டு தாமதிப்பதால் தோட்டம் நொடித்துப்போய்விடாது.

நகரத்தாருக்கும் இந்தக் காற்றிலிருந்து விலக்கில்லை. 2013 ஜூன் 13-ஆம் தேதி மாலை, இதே ஜோர்ஜ் டவுனில் மெக்காலிஸ்டர் சாலையில் 21 மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் இருந்த இடிதாங்கி அமைப்பு சூறைக்காற்றில் முறிந்து, கீழே சாலையில் சென்ற வாகனங்களின் மேல் விழுந்தது. காரில் சென்ற ஒருவர் உயிரிழந்தார். மின்னலுக்கு அஞ்சி வைத்த பொருளைக் காற்று கொண்டுவந்து போட்டது.

மின்னல் என்றவுடன் ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. தோட்டங்களில் சிலர், "ரப்பரில் மின்சாரம் பாயாது, நாம் ரப்பர் மரத்தடியில், ரப்பர்க் காலணியோடு நிற்கிறோம், நம்மை மின்னல் என்ன செய்யும்?" என்று சொல்வதுண்டு. பள்ளியில் படித்த அறிவியலைச் சற்றே தவறாகப் பொருத்திப் பார்த்ததன் விளைவு இது. ஆலையில் பதப்படுத்தப்பட்டுக் காய்ந்த ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும், உண்மை. ஆனால், மரத்திலிருந்து வடியும் பாலில் பாதிக்கு மேற்பட்டது நீர். மரத்தண்டோ நீர் நிறைந்த ஒரு குழாய். மின்னலுக்கு அது நல்ல வழி. மேலும், வானத்திலிருந்து பல கிலோமீட்டர் தூரம் காற்றைக் கிழித்துக்கொண்டு வருகின்ற மின்னலை, காலணியின் விரலளவு அடிப்பாகம் தடுத்து நிறுத்துமா? மரத்தில் இறங்கும் மின்னல், பக்கத்தில் நிற்கும் மனிதர் மேல் தாவுவதும் உண்டு. ஈரமண்ணில் பரவி, தள்ளி நிற்பவரைத் தாக்குவதும் உண்டு.

மின்னலைக் கண்டவுடன் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று வினாடி ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வினாடி இருந்தால், அது பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அடுத்தது உங்கள் தலைக்கு நேராக விழக்கூடிய தொலைவுதான் அது. அப்போதே புறப்பட்டுவிட வேண்டும். சுவருள்ள கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றி மூடிய லோரி, வேன் ஆகியவையே தகுந்த இடங்கள். நாலு கம்பும் தகரமும் கொண்ட பால் நிறுக்கும் கொட்டகை மழைக்கு ஆகும், மின்னலுக்கு ஆகாது. மோட்டார் சைக்கிளும் ஆகாது. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை காட்டுக்குள் திரும்பக் கூடாது. எங்கும் போக முடியாமல் காட்டிலேயே அகப்பட்டுக்கொண்டால், ஒரே இடத்தில் கூட்டமாக நிற்காமல் பிரிந்து, மரத்தண்டை விட்டு விலகி, கால்களைச் சேர்த்து வைத்துக் குந்தியிருக்க வேண்டும். தரையில் படுக்கக் கூடாது. மின்னல் தாக்கியவரின் உடம்பில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. அவரைத் தொட அஞ்சி விலகி நின்ற காரணத்தால் பிழைக்க வேண்டியவர்கள் இறந்ததுண்டு. மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, 999-க்கு அழைக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "ஐயா, மேகம் கறுத்தவுடன் நாங்கள் வெளியேறினால் எடைக்கு யார் பதில் சொல்வது?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என்னைப் போல மேசைமுன் உட்கார்ந்து சம்பளம் வாங்குபவர் இதனைத் தட்டிக்கழிப்பது எளிது. நாட்கூலிக் காலத்தில் மழை என்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலி இல்லை. ஐப்பசி மாதத்தில் அடுப்பு எரியாத வீடுகள் லயத்தில் பல இருந்தன. 2013-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளியாகச் சட்டமாயிற்று. 2025-இல் அது 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஆயினும், பல இடங்களில் பாலின் எடைக்கேற்ற ஊக்கத்தொகை இன்றும் இருக்கிறது. அந்த ஊக்கத்தொகைதான் மனிதரை மேகத்தின் கீழே பிடித்து நிறுத்துகிறது.

ஆகவே சட்டம் இதுபற்றி என்ன கூறுகிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதற்கு 2022-இல் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1-ஆம் தேதி முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, வேலை செய்யுமிடத்தில் உடனடி ஆபத்து இருக்கிறதென்று நம்புவதற்குத் தகுந்த காரணம் இருந்து, அந்த ஆபத்தை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காதபோது, தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அவ்வாறு விலகியதற்காக அவரைப் பழிவாங்கவோ பாகுபாடாக நடத்தவோ கூடாது. சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதற்காக மழைத்தூறலைக் கண்டவுடன் ஓடிவிட முடியாது. 'தகுந்த காரணம்' என்னும் சொற்களை மறக்கக் கூடாது. எது தகுந்த காரணம் என்பதை மேகம் வந்தபின் வாதிட்டுக்கொண்டிருக்க நேரமிராது. வெயில் காலத்திலேயே நிர்வாகமும் தொழிற்சங்கக் கிளையும் உட்கார்ந்து, இத்தனை வினாடிக்குள் இடி கேட்டால் காட்டை விட்டு வெளியேறுவது என்று எழுதி வைத்துக்கொள்வதே வழி. நல்ல நிர்வாகிகள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை என்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

விபத்து நேர்ந்துவிட்டால் சொக்சோ இருக்கிறது. வேலையின்போது நேர்ந்த விபத்தும், வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேர்ந்த விபத்தும் அதில் அடங்கும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் அதைத் தெரியப்படுத்த வேண்டும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துக் காப்புறுதி உண்டு. உங்களோடு நிரை பிடிக்கும் அந்நிய நாட்டுத் தோழருக்கு இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவருக்கு இந்தப் பத்திரிகை படிக்க வராது.

இனி நீரைப் பற்றி. தோட்டங்கள் பெரும்பாலும் மேட்டு நிலத்தில் இருப்பதால் வெள்ளம் ஆற்றோரக் கம்பத்தாரின் கவலை என்று எண்ணுவோர் உளர். 2021 ஆகஸ்டு 18-ஆம் தேதி, பினாங்கிலிருந்து பார்த்தால் வடக்கே தெரியும் குனோங் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய நீர், யான் வட்டாரத்தில் மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வந்து ஆறு பேரைக் கொன்றது. 2022 ஜூலை 4-ஆம் தேதி, ரப்பர் விளையும் பாலிங் வட்டாரத்தில், கூப்பாங் பகுதியில் அதே வகைத் திடீர் வெள்ளம் மூன்று உயிர்களைப் பறித்தது. இரண்டு இடங்களிலும் வெள்ளம் வந்தது மலையிலிருந்துதான். கீழே தூறல்கூட இல்லாதபோதும் மேலே மழை கொட்டியிருக்கலாம். தெளிந்து ஓடிய ஓடை திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேற்பக்கமிருந்து லோரி வருவது போன்ற இரைச்சல் கேட்டாலோ, பொருளை எடுக்க நிற்காமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். நீரோட்டத்தின் திசையிலேயே ஓடுவது வீண். நீர் மனிதரைவிட வேகமானது. முழங்காலளவு நீரில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தைக் கடப்பதும் கூடாது. பாலம் அங்கே இருக்கிறதா என்பது கலங்கல் நீரில் தெரியாது.

மண்சரிவு மழையின் மற்றொரு முகம். பினாங்கில் 2017 அக்டோபர் 21-ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடமொன்றில் மண் சரிந்து 11 பேரும், 2018 அக்டோபரில் புக்கிட் குக்குஸ் சாலைக் கட்டுமானத்தில் 9 பேரும் மாண்டனர். அனைவரும் உழைக்க வந்தவர்கள். மலைச்சரிவை வெட்டிவிட்டால் மழை அதன் கணக்கைத் தீர்க்க வருகிறது. இலங்கை மலைநாட்டில், பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில், 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலையில் மலை சரிந்து நம் இனத்தவர் வாழ்ந்த லயங்களை அப்படியே மூடியது. அந்த இடம் ஆபத்தானது, குடியிருப்பை மாற்ற வேண்டும் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தனர். எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். உங்கள் லயத்தின் பின்னால் மேடு இருக்குமானால், அம்மேட்டில் புதிய வெடிப்பு, சாய்ந்துவரும் மரம் அல்லது வேலிக்கால், திடீரெனக் கலங்கி ஊறும் ஊற்று ஆகியவற்றைக் கவனியுங்கள். கண்டால் அன்றிரவே அங்கே உறங்க வேண்டாம்.

வீட்டுத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளத்தில் அரிசியும் பாயும் போனால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் போனால் படும் பாடு உங்களுக்குத் தெரியும். நம்மில் சில குடும்பங்கள் ஒரு பத்திரம் இல்லாத காரணத்தாலேயே தலைமுறை தலைமுறையாகச் சிவப்புக் கார்டோடும், அதுவும் இல்லாமலும் அலைகின்றன. பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், அடையாளக் கார்டு, சேமநிதிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் நீர் புகாத பையிலிட்டு, கட்டிலுக்கு அடியில் அல்லாமல், கைக்கெட்டும் உயரத்தில் ஆணியில் மாட்டி வையுங்கள். பெயர்த்தெடுத்து ஓட ஒரு கை போதும். நீர் வடிந்தபின் வெறுங்காலோடு சேற்றில் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். காலில் சிறு கீறல் இருந்தால் அதுவே நுழைவாயில். வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலி வந்தால், மருந்துக்கடை மாத்திரையோடு நிற்காமல் மருத்துவமனைக்குச் சென்று, வெள்ளநீரில் இறங்கியதையும் சொல்லுங்கள்.

வெப்பத்தைப் பற்றி அதிகம் கூறப்போவதில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்து வெறுங்காலில் நடந்தவர்களுக்கு நம் வடபகுதியின் கோடை எப்படிப்பட்டதென்று தெரியும். நாட்டிலேயே பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை, நமக்கு அண்மையிலுள்ள பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பதிவான 40.1 பாகை செல்சியஸ் ஆகும். 2016 ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவிலும் வெயில் காரணமாகப் பள்ளிகளையே மூட நேர்ந்தது. மரங்கள் இலையுதிர்க்கும் காலமும் இதுவே. நிரையில் நிழல் இராது. உரம் போடுபவர், மருந்து தெளிப்பவர் ஆகியோரே அதிகம் வருந்துபவர்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்த வேண்டும். வேர்வை நின்று, பேச்சுத் தடுமாறத் தொடங்கியவரை "கொஞ்சம் உட்கார்" என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் நீரூற்றி விசிறிக்கொண்டே மருத்துவ உதவிக்கு அழைக்க வேண்டும்.

கடைசியாக, எச்சரிக்கை எவ்வாறு நிரைக்கு வந்து சேருவது? வானிலை இலாகா இடைவிடாத மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது, சிவப்பு ஆபத்து. இடிமழைக்குத் தனி எச்சரிக்கை உண்டு. அதன் 'மைச்சுவாச்சா' செயலியைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டால், இவை உடனுக்குடன் வந்துவிடும். ஆனால், இடிமழை எச்சரிக்கை சில மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். மாலையில் பார்த்துவிட்டு உறங்கியவருக்கு விடியற்காலைச் சுமத்திரா தெரியாது. எனவே ஒவ்வொரு பெரட்டிலும் ஒருவர், நாலரை மணிக்கு அதனைப் பார்த்து உரக்கச் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த வேலையைப் பெரியவர்களைவிட நன்றாகவே செய்வார்கள்.

காட்டின் உள்ளே தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்காத பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. அங்கே நிற்பவருக்கு எப்படித் தெரிவிப்பது? பழைய தோட்டங்கள் பலவற்றில் பெரட்டுக் களத்தருகே தண்டவாளத் துண்டோ மணியோ இன்னும் தொங்குகிறது. அதைக் கழற்றி இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். வேலைக்கு அழைக்க அடித்த அதே மணியை, வெளியேறச் சொல்வதற்கும் அடிக்கலாம். எத்தனை அடி, யார் அடிப்பது, அடித்தால் எந்தச் சாலை வழியாக எந்தக் கட்டடத்துக்கு வருவது, வந்தவர்களை யார் எண்ணிப் பார்ப்பது என்பதை உங்கள் தோட்டத்திலேயே கூடி முடிவு செய்து, அடுத்த சித்திரைக்கு முன் ஒரு நாள் காலையில் ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்.